பினாயில் அக்காவின் குங்குமப்பூ ராக்கு

திசு வளர்ப்புக் கூடத்தில் அவருக்குப் பெயர் பினாயில் அக்கா. செருப்பை எங்கே விட்டாய், நகத்தை எப்போது வெட்டினாய், தலையை ஏன் சொறிகிறாய் என்று உள்ளே வருகிறவர்களையெல்லாம் பிடித்து உலுக்கிவிடுவார். முன்பு ஒரு மருத்துவமனையின் அறுவை அரங்கில் கத்தி, கத்தரிக்கோல்களை ஆவியில் வேகவைத்துக் கொடுக்கும் வேலை பார்த்தவர். சந்தேகம் வந்தால் இன்னொரு தடவை வேகவை என்பது அங்கே பழகிய பாடம். அந்தக் கைச்சுத்தத்தைப் பார்த்துத்தான் இங்கே சேர்த்துக்கொண்டார்கள்.

அப்படிப்பட்டவரை, "அக்காவுக்குக் கை ராசி இல்ல" என்று முதுகுக்குப் பின்னால் பேச வைத்தது குங்குமப்பூ.

அந்தச் செடி விதை தராது. கிழங்கிலிருந்துதான் அடுத்த கிழங்கு வரவேண்டும். மண்ணில் விட்டால் ஆமை வேகத்தில்தான் பெருகும். அதனால் கிழங்கின் முளையைத் துண்டாக வெட்டி, பிளீச்சிங் கரைசலில் கழுவி, சத்துகள் கலந்து உறையவைத்த கூழில் நட்டு, ஒரு முளையிலிருந்து பல குட்டிக் கிழங்குகளை எடுப்பது என்று திட்டம். இதே கூடத்தில் வாழைக்கும் இதே முறைதான். வாழை சொன்ன பேச்சைக் கேட்டது. குங்குமப்பூ பாட்டில்களிலோ நட்ட வேகத்தில் வெள்ளைப் பஞ்சாகப் பூஞ்சை கட்டியது.

அக்கா கழுவும் நேரத்தைக் கூட்டினார். பூஞ்சை குறைந்தது, கூடவே முளைகளும் வெளுத்துச் செத்தன. நேரத்தைக் குறைத்தார், பஞ்சு திரும்பி வந்தது. மறுபடியும் கூட்டினார். பஞ்சு கட்டிய பாட்டில் கண்ணில் பட்டால் போதும், மூடியைக்கூடத் திறக்காமல் நேராக ஆவிக் கொப்பரையில் வேகப் போட்டுவிடுவார். அப்படித் தட்டு நிறைய பாட்டிலோடு போகும்போது வாழை வெட்டுகிற பெண்களில் ஒருத்தி, பஞ்சு வியாபாரம் எப்படிப் போகிறது என்று கேட்டாள்.

"உனக்கு ஒரு தலகாணி தெச்சுத் தரேன். பேசாம வேலையப் பாரு."

பதில் சொல்லிவிட்டாரே தவிர, மனம் சுருக்கென்றது.

ஒருநாள் முதலாளி வந்து குங்குமப்பூ பாட்டில்கள் அடுக்கியிருந்த ராக்கின் முன்னால் நின்றார். வாழைக்கு இடம் போதவில்லை. இன்னும் ஒரே ஒரு சுற்று பார்க்கலாம், அதுவும் போனால் ராக்கு வாழைக்கு என்று சொல்லிவிட்டார். அந்த ஒரு சுற்றையும் ஆய்வுப் பொறுப்பிலிருந்த மேடம் வாதாடித்தான் வாங்கினார். மிச்சமிருந்தது ஒரு தட்டுக் கிழங்கு.

அன்று மாலை அக்கா நேராகக் கணவரின் சலவைக் கடைக்குப் போனார். அவர் சட்டைக் காலரைத் தேய்த்தபடியே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"கறை எங்க இருக்குன்னு பாக்காம வெளுத்தா துணிதான் போகும். மேல இருக்கா, உள்ள ஊறியிருக்கா, பாத்தியா?"

"செடியக் கொண்டாந்து உங்க கடையில போடவா?"

"போடு. கஞ்சி போட்டு வெறப்பா தரேன்."

அக்காவுக்குக் கோபம் வந்தது. ஆனால் கேள்வி கூடவே வீட்டுக்கு வந்தது. பார்க்கவில்லைதான். அழுக்கைக் கையில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்ப்பது அவர் குணத்திலேயே கிடையாது.

மறுநாள் கெட்டுப்போன பாட்டில்களை வேகவைக்காமல் விளக்கின் முன்னால் வரிசையாக நிறுத்தினார். ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கையிலிருந்தோ காற்றிலிருந்தோ வந்த பூஞ்சை என்றால் கூழில் கண்ட இடத்தில் புள்ளி விழுந்திருக்க வேண்டும். இங்கே கூழ் கண்ணாடி மாதிரி இருந்தது. எல்லாப் பாட்டிலிலும் பஞ்சு கிளம்பியது முளையின் அடியில் ஒட்டியிருந்த கிழங்குச் சதையிலிருந்து. எத்தனை கழுவினாலும் கரைசல் எட்டாத இடம்.

மேடமும் வந்து பார்த்தார்.

"அப்ப சதையே வேண்டாம்க்கா. முளையோட நுனி மட்டும் எடுப்போம். ஆனா அவ்வளவு சின்னதா எடுத்தா பொழைக்கிறது கஷ்டம்."

"கஷ்டம்னுதானே சொல்றீங்க. முடியாதுன்னு சொல்லலையே."

கடைசித் தட்டுக் கிழங்கை மண்ணும் தண்ணீரும் இல்லாமல் அலமாரியில் பரப்பினார்கள். குங்குமப்பூக் கிழங்கு சும்மா கிடந்தபடியே முளைவிடும். முளை நீண்டு சதையை விட்டு விலகியதும், சுத்தக் காற்று வீசும் மேசையில் அக்கா உட்கார்ந்தார். பூதக்கண்ணாடிக்குக் கீழே உறை உறையாக உரித்து, கடுகை விடச் சின்ன நுனியை எடுக்க வேண்டும். கத்தி ஒரு மயிரிழை நழுவினாலும் அந்த முளை வீண். சில நழுவின. அக்கா மூச்சை இழுத்துவிட்டு அடுத்ததை எடுத்தார்.

வெட்டுவதைவிடக் கஷ்டம் கழுவுவதாக இருந்தது. இத்தனை சின்ன நுனிக்கு லேசான கரைசலில் ஒரு முக்குதான். அதற்கு மேல் தாங்காது. கை பழக்கதோஷத்தில் மறுபடியும் கரைசலை நோக்கிப் போகும்.

"அக்கா, அது கத்தரிக்கோல் இல்ல" என்பார் மேடம்.

கை திரும்பி வரும்.

நட்ட நுனிகளில் பாதிக்கு மேல் பழுப்பேறிச் செத்தன. அக்கா அவற்றையும் விளக்கில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் ஒதுக்கினார். ஒன்றில்கூடப் பஞ்சு இல்லை. மற்றவை பச்சை பிடித்தன. பக்கத்தில் புது முளைகள் கிளம்பின. பிறகு அடி லேசாகப் பருத்து, கண்ணாடி வழியே குட்டிக் கிழங்கு தெரிந்தது.

சுற்று முடிந்ததும் முதலாளி பார்க்க வந்தார். மேல் தட்டில் மட்டும் பாட்டில்கள். இவ்வளவுதானா என்றார்.

"இவ்வளவும் சுத்தம் சார். இத வெட்டி வெட்டிப் பெருக்கிடலாம்" என்றார் அக்கா.

"பூ எப்பம்மா வரும்?"

"எடை ஏறாம கெழங்கு பூக்காது சார். பாட்டில விட்டு மண்ணுக்குப் போயி, அங்க தேறணும். அவசரப்பட்டா மறுபடி பஞ்சுதான்."

மேடம் தலையசைத்தார். முதலாளி ராக்கை மேலும் கீழும் பார்த்தார். கீழ்த் தட்டுகள் வாழைக்கு, மேல் தட்டை யாரும் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டு நடந்தார்.

வாழைப் பாட்டில்களை அக்காவே கீழே அடுக்கினார். பிறகு கையைக் கழுவி, மேல் தட்டிலிருந்து முதல் பாட்டிலை எடுத்துக்கொண்டு மேசைக்குப் போனார். வாசலில் வாழைக்காரப் பெண் தலையை நீட்டி, பஞ்சு ஒன்றும் தேறவில்லையா என்று கேட்டாள்.

"கடைய மூடியாச்சு" என்றார் அக்கா, திரும்பாமல். "செருப்ப எங்க விட்ட?"