ஊற்றடியில் இருந்தவள்

அந்தக் கல்லைத் தொட்டால் விரல் விறைத்துப்போகும். பாசியும் ஈர மண்ணும் கலந்த மணம் கையில் ஒட்டிக்கொண்டு வரும். பிரான்சில் அகதிகளாக எங்களைக் கொண்டுபோய் விட்ட சின்ன ஊரில், ஆற்றுப் பள்ளத்தாக்கின் அடியில், ஓர் ஊற்றின் பக்கத்தில் அது இருந்தது: மடியில் பழங்களோடு உட்கார்ந்திருக்கும், மூக்குத் தேய்ந்த ஒரு பெண். உரோமர் வருவதற்கு முன்பே அங்கே ஊர் இருந்ததாம். பள்ளிக்கூட மதிலில்கூட உரோமர் வைத்த செங்கல் இருந்தது. அதைத் தடவிக்கொண்டு, இத்தனை பேர் செத்த பிறகும் இது நிற்கிறதே என்று வாயைப் பிளந்திருக்கிறேன்.

அம்மா அவளைக் கண்டதுமே செருப்பைக் கழற்றினார். அது "அம்மன்" என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. வெள்ளிக்கிழமைகளில் நல்லெண்ணெய் தடவி, ஊற்று நீரில் முழுக்காட்டி, குங்குமம் வைப்பார். எங்கள் அகதி வழக்கு முடிவாகாமல் இழுபட்ட காலம். வேறு யாரிடம் போய்க் கேட்பது?

குங்குமத்தை மழை கழுவிவிடும். ஒரு கோடையில் மழையே இல்லை. சிவப்பைக் கண்ட நகரசபைக்காரர்கள் வீடு வீடாக விசாரித்தார்கள். அப்பா கதவைச் சாத்திவிட்டு அம்மாவிடம் திரும்பினார்.

"இஞ்ச அது சாமியில்லை, சரித்திரச் சாமான். எங்களைத் திருப்பி அனுப்பப்போறாங்கள். நீர் வாயே திறவாதையும்."

நகரசபைப் பெண் எங்கள் வாசலுக்கு வந்ததும் அம்மா என்னை முன்னே தள்ளினார். "நான்தான் எண்டு சொல்லு பிள்ளை."

அம்மாதான் செய்தது என்று பிரெஞ்சில் சொன்னேன். கழுவித் தரச் சொன்னாள் அந்தப் பெண். கைக்குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோல, கழுத்து மடிப்பு, காதோரம் என்று அம்மா விரலால் தேய்த்துக் கழுவினார். பார்த்துக்கொண்டே நின்றவள், சிலையின் காலடியில் இருந்த குழியைக் காட்டி, அந்தக் காலத்துச் சனங்கள் எண்ணெய் ஊற்ற வெட்டியது அது என்றாள். நிறம் வேண்டாம், தண்ணீர் ஊற்றலாம் என்றாள்.

வழக்கில் வென்றோம். அம்மனால் என்றார் அம்மா, வக்கீலால் என்றார் அப்பா. எனக்கு அதெல்லாம் பெரிதில்லை. எத்தனையோ நூறு வருஷமாக நின்றுபோயிருந்த பூசையை, பிரெஞ்சில் ஒரு சொல் தெரியாத என் அம்மா மறுபடி தொடங்கினார். இன்றைக்கும் நினைத்தால் உடம்பு சிலிர்க்கிறது.

கல்யாணமாகி நான் நியூசிலாந்தில் ஆக்லாந்துக்கு வந்தேன்; அப்பா காலமான பிறகு அம்மாவும் இங்கே ரானுயிப் புறநகருக்கு வந்துவிட்டார். போன வருஷம் தனியாக அந்த ஊருக்குப் போனேன். ஊற்றை மூடிக் கார் நிறுத்த இடம் போட்டிருக்கிறார்கள், படுபாவிகள். அவள் ஊர் அருங்காட்சியகத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள், எலும்பு வெள்ளையாக, வறண்டு இருக்கிறாள். கீழே "ஊற்றுத் தெய்வம்" என்று பிரெஞ்சில் எழுதியிருக்கிறது. ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது.

வெளியே வந்து அம்மாவுக்குப் போன் எடுத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா கேட்டது ஒன்றுதான்.

"அப்ப அவவை ஆர் குளிப்பாட்டுறது?"

ஒருத்தருமில்லை என்றேன்.