எழுபத்தொன்பது இரண்டாம் விருப்பங்கள்

சாலையே இல்லாத வடகோடி ஆற்றங்கரையில், நூற்று நாற்பத்திரண்டு பேர் வாழும் குயிகாக்கில் அந்த நவம்பரில் எழுபத்தொன்பது பேர் வாக்களித்தார்கள். எழுபத்தொன்பது சீட்டுகளும் முத்திரையிட்ட நீலப் பைக்குள், ஊர் மன்ற அலுவலக அலமாரியில், ஒரு வாரத்துக்கு மேலாகக் கிடந்தன. விமானம் வரவில்லை. மூடுபனி ஓடுபாதையின் மேல் படுத்துக்கொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்றது.

பைக்குப் பொறுப்பு ஒலின்கா நிகோலாய். வயது ஐம்பத்தேழு, பள்ளிக்கூடத்தில் சமையல், தேர்தல் வந்தால் வாக்குச்சாவடி. எல்லோருடைய முதல் விருப்பத்தையும் அன்றைக்கே எண்ணித் தொலைபேசியில் சொல்லிவிட்டாள். ஆனால் யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால், கடைசியில் இருப்பவரை நீக்கிவிட்டு, அவருக்குப் போட்டவர்களின் இரண்டாம் விருப்பத்தைப் பார்ப்பார்கள். அதை மாநிலத் தலைநகர் ஜூனோவில்தான் செய்வார்கள், சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு. அடுத்த புதன்கிழமைக்குள் பை அங்கே இருக்க வேண்டும். குயிகாக்கில் பெரும்பாலானோர் ஆற்றோரத்துப் பெண் வேட்பாளருக்கு முதல் இடம் கொடுத்திருந்தார்கள். மாநிலம் முழுக்க எண்ணியதில் அவர்தான் கடைசியில் இருந்தார். பை போய்ச் சேராவிட்டால் ஊரே வாக்களிக்காத மாதிரி.

இதில் ஒலின்காவுக்கு வேறொரு வயிற்றெரிச்சலும் உண்டு. நாடாளுமன்றத் தேர்தலில் நாடு முழுவதும் இந்த வரிசை வாக்கைக் கட்டாயமாக்கலாமா என்று வாஷிங்டனில் ஒரு மசோதாவைப் பேசிக்கொண்டிருந்தார்கள். அக்டோபரில் ஆற்றோரப் பெரிய ஊரான பெத்தலின் வானொலி அவளைப் பேசக் கூப்பிட்டது.

"நம்ம ஆளுக்குப் போட்டா வோட்டு வீணாப் போயிடும்னு பயந்து பயந்தே இத்தனை வருஷம் வேற யாருக்கோ போட்டோம்," என்றாள் ஒலின்கா. "இப்ப மனசுக்குப் பிடிச்சவங்களுக்கு ஒண்ணு, அடுத்தவருக்கு ரெண்டு. பயமே இல்ல. நாடு முழுக்க இப்படித்தான் இருக்கணும்."

அதைக் கேட்டு நிலையத்துக்கு முதலில் வந்த அழைப்பு மோக்ஸியுடையது. அவளுடைய அத்தை மகன். அத்தை மகன், மாமன் மகள் என்றால் இந்த ஆற்றங்கரையில் கேலி செய்தே ஆகவேண்டிய உறவு. செய்யாவிட்டால்தான் கோபம் என்று அர்த்தம்.

"என் மாமா பொண்ணு வீட்டுக்குப் போயிடாதீங்க. டீயா காப்பியான்னு கேட்டு, நாலு பானத்துக்கு வரிசை போட்டுக் கொடுக்கச் சொல்லுவா. அதுக்குள்ள எல்லாம் ஆறிப் போயிடும்," என்றான். பிறகு குரல் மாறியது. "ரோடு இருக்கிற ஊருக்கு இது சரி. எங்க சீட்டு போறதுக்கு வானம் தெளியணும். வாஷிங்டன்ல உக்காந்து கட்டாயம்னு எழுதினா மூடுபனி கேக்குமா?"

"உன் வாயை மூடினா வானம் தெளியும் அத்தான்," என்று ஒலின்கா சமாளித்தாள். இப்போது ஜன்னலுக்கு வெளியே வெள்ளையைப் பார்த்துக்கொண்டு அதே கேள்வியோடு உட்கார்ந்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை மோக்ஸி அலுவலகத்துக்கு வந்தான். வாக்குச்சாவடியில் அவளோடு உறுதிமொழி எடுத்த இன்னொரு ஆள் அவன்தான். பையைத் தொட அவனுக்கும் உரிமை உண்டு.

"பையைக் குடு. ஆத்து வழியா பெத்தல் போறேன். அங்கேருந்து பெரிய விமானம் போகுது."

"நீதானே இது வேணாம்னு சொன்ன?"

"வேணாம்னுதான் இப்பவும் சொல்றேன். ஆனா போட்டாச்சுல்ல. போட்டது போய்ச் சேரணும்."

"ஐஸ் தாங்குமா?"

"நேத்து நரி நடந்து போச்சு."

"நரிக்கு உன் தொப்பை இல்லையே."

ஒலின்கா அலமாரியிலிருந்து பையை எடுத்துக் கொடுத்தாள். மோக்ஸி அதைத் தோளில் போட்டுக்கொண்டு போனான்.

ஒலின்கா தேநீர் வைக்க எழுந்தாள். தண்ணீர் கொதிக்கும் முன் அவளுக்கு உறைத்தது. தொப்பையைப் பற்றிச் சொன்னதற்கு அவன் பதில் கேலி செய்யவில்லை. ஐம்பது வருஷத்தில் ஒருமுறைகூட அவன் அப்படி விட்டதில்லை. அவனும் பயந்துபோயிருந்தான். பை போக வேண்டும் என்ற ஆசையில் இவள்தான் அதைக் கவனிக்காமல் எடுத்துக் கொடுத்திருக்கிறாள். அவள் அண்ணன் எவான் இதே உறைகாலத்தில்தான் ஆற்றில் இறங்கினான். மே மாதம் ஆறு இளகிய பிறகுதான் அவன் கிடைத்தான்.

அடுப்பை அணைக்காமலேயே ஓடினாள்.

கரையில் பாதி ஊர் நின்றது. மோக்ஸியின் மனைவி மார்ஃபா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். பனிவண்டியைப் பின்னால் விட்டுவிட்டு, இரும்பு முனைக் கம்பால் குத்திக் குத்தி வழி பார்த்தபடி மோக்ஸி நடந்தான். ஆறு அடியில் முனகியது. ஓரிடத்தில் கம்பு பாதிவரை இறங்கியது, கறுப்புத் தண்ணீர் மேலே வந்து பரவியது. அவன் கம்பை உருவி, பக்கத்தில் குத்தி, இன்னும் முன்னால்தான் போனான்.

திரும்பி வா என்று கத்தினால் வரமாட்டான். எவானையும் எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவன் கையை ஆட்டிவிட்டுப் போனான். ஊர் பார்த்துக்கொண்டிருக்கும்போது பயந்து திரும்பினான் என்ற பேர் யாருக்கு வேண்டும்?

ஒலின்கா கரையின் விளிம்புக்கு வந்தாள். வேறு மாதிரிக் கத்தினாள்.

"ஏ அத்தான்! இந்த வரிசையே வேணாம்னு ரேடியோல கூவின ஆளு நீதானே? இப்ப எங்க ரெண்டாம் நம்பரைத் தூக்கிக்கிட்டு, பொண்ணு பாக்கப் போற மாப்பிள்ள மாதிரி ஓடுற!"

கூட்டத்தில் நின்ற கிழவர் நிக் சிரித்தார். மோக்ஸி திரும்பவில்லை. ஒரு குத்து. இன்னொரு குத்து.

"மார்ஃபா கேக்குறா! நீ போயிட்டா அவளுக்கு ரெண்டாவது யாருன்னு வரிசை போட்டுக் குடுத்துட்டுப் போவியாம்!"

இப்போது கரை முழுவதும் சிரித்தது, மார்ஃபாகூட, அழுகையோடு. மோக்ஸி நின்றான். கம்பை ஐஸில் ஊன்றினான்.

"அந்த வரிசையில கிழட்டு நிக் பேரு இருக்கக் கூடாது!" என்று ஆற்றிலிருந்து குரல் வந்தது.

"முதல் பேரே அவருதான்!" என்று கத்தினாள் ஒலின்கா.

"அப்ப நான் போக மாட்டேன்!"

தன் காலடித் தடத்திலேயே கால் வைத்துத் திரும்பி நடந்தான். கரைக்கு வரும்வரை யாரும் சிரிக்கவில்லை. பையை ஒலின்காவின் கையில் கொடுத்தான். மார்ஃபா கொடுத்த தேநீரை ஒரே மூச்சில் குடித்தான்.

"மூடுபனி கேக்கல பாத்தியா," என்றான் மெதுவாக.

"கேக்கல," என்றாள் ஒலின்கா.

புதன்கிழமை ஜூனோவில் இரண்டாம் விருப்பங்களை எண்ணி முடித்தார்கள். குயிகாக்கின் சீட்டுகள் அதில் இல்லை. விமானம் இரண்டு நாள் கழித்து, வெள்ளிக்கிழமை வந்து பையை எடுத்துப் போனது. அதற்குப் பிறகு வானொலி நிலையத்திலிருந்து கூப்பிட்டார்கள். மசோதாவைப் பற்றி இன்னொரு விவாதம் வைக்கிறார்கள். ஒலின்கா வருவதாகச் சொல்லியிருக்கிறாள். இந்த முறை மோக்ஸியும், தொலைபேசியில் இல்லாமல், அதே மூடுபனிக் கேள்வியோடு அவள் பக்கத்து நாற்காலியில் உட்காருகிறான்.