கர்க்லாண்டில் இருக்கும் அண்ணை

இந்த ஊரில் கடைக்குள் நுழைந்தால் "பொன்ஜூர், ஹாய்" என்று பிரெஞ்சு, ஆங்கிலம் இரண்டையும் சேர்த்தே சொல்கிறார்கள். நாம் எந்த மொழிப் பக்கம் விழுகிறோம் என்று ஒரு நொடி பார்ப்பார்கள். எங்கள் தெருமுனையில் சின்னப் பலசரக்குக் கடை நடத்தும் கொரியப் பெண் சூன்-ஹீக்கும் எனக்கும் இரண்டு பக்கமும் சறுக்கல்தான். அதனால் மாலை ஆங்கில வகுப்பில் ஒரே மேசையில் இருந்தோம்.

அவளிடம் கொரியர்களுக்கென்றே அச்சிட்ட சொற்புத்தகம் இருந்தது. அன்றைய சொல் 'எஸ்ட்ரேஞ்ச்ட்'. உறவாக இருந்தவர்கள் அந்நியராகிப் போவது என்று ஆசிரியை விளக்கினார். சொந்த வாழ்க்கையிலிருந்து ஒரு வசனம் கேட்டபோது, அண்ணையும் நானும் அப்படித்தான் என்றேன். சூன்-ஹீ பதறி என் கையைப் பிடித்தாள்.

"பிரதர் டை?"

"நோ. கர்க்லாண்ட்."

பஸ்ஸில் போய்விடக்கூடிய தூரம். அவளுக்கு விளங்கவில்லை. எனக்கும்தான்.

என்னை ஸ்பொன்சர் செய்து இந்த நாட்டுக்குக் கூப்பிட்டவர் அண்ணை. அவர் பார்த்துக் கட்டிவைத்த மனுசன் அடித்தபோது நான் வீட்டைவிட்டு வெளியேறினேன். "என்ர முகத்தில கரியைப் பூசிப்போட்டாய். இனி உன்னோட எங்களுக்குக் கொண்டாட்டம் இல்லை," என்றார் அண்ணை. அதைச் சொன்னால் நன்மை தின்மைக்குப் போய்வருவது எல்லாம் நின்றுவிடும் என்று உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. ஊரில் என்றால் கோபக்காரரையும் கோயிலிலோ சந்தையிலோ கண்டுவிடலாம். இங்கே காணாமலே செத்துப்போகலாம்.

இப்போது அவருடைய மகள் அபிக்குச் சாமத்தியவீடு, பெரியபிள்ளையான சடங்கு. தகப்பனின் தங்கை, மாமி நான்; எனக்கு வீடு தேடி வந்து சொல்ல வேண்டும். அழைக்காமல் நானாகப் போக முடியாது. மற்ற எல்லாருக்கும் சொல்லியாயிற்று என்று கோயிலில் கேள்விப்பட்டேன். சனி ஞாயிறுகளில் பலகாரம் வாங்கி வைத்துவிட்டு, கார்க் கதவு அடிபடும்போதெல்லாம் யன்னலுக்கு ஓடினேன். நாளை மறுநாள் விழா. ஒருவரும் வரவில்லை. எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும்போல் இருந்தது.

இடைவேளையில் சூன்-ஹீ தன் கைத்தொலைபேசியை நீட்டினாள். "கால்," என்றாள். அழைப்புக் கேட்டு நாங்களாகப் போய் நிற்பதில்லை என்பதை அவளுக்கு எந்த ஆங்கிலத்தில் சொல்வது? மானத்தை விட்டு அண்ணை வீட்டு இலக்கத்தை அழுத்தினேன். எடுத்தது அபி.

"பிள்ளை, நான்…"

"மாமியோ?" குரலைத் தாழ்த்திக் கேட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

பின்னால் அண்ணையின் குரல் கேட்டது. "ஆர் பிள்ளை ஃபோனில?"

  அபி அப்பாவுக்குக் கேட்கும்படி உரத்து, பிரெஞ்சில், மிக மரியாதையாகச் சொன்னாள்: இது பிழையான இலக்கம், மதாம்.

"மெர்சி," என்று நானும் பிரெஞ்சில் நன்றி சொன்னேன், என் அண்ணையின் பிள்ளைக்கு.