படத்தில் செத்துப்போன பெயிண்டர்

பிரஷ்ஷைத் தொட்டு வருஷக்கணக்கான பிறகும் தெருவில் அவருக்குப் பெயர் பெயிண்டர்தான். ஒருகாலத்தில் மூன்று மாடி உயரச் சாரத்தில் நின்று, பாடிக்கொண்டே சுவர் அடித்த மனுஷன். பொரித்த பண்டம் என்றால் உயிரை விடுவார். மொத்த வியாபாரி ஒருவன் சமையல் எண்ணெயில் மெஷின் எண்ணெயைக் கலந்து விற்றான். தெருவில் பாதிப் பேருக்குக் கால் மரத்தது. மற்றவர்கள் மெல்லத் தேறினார்கள். பெயிண்டருக்கு மட்டும் இடுப்புக்குக் கீழே விளங்காமலே போய்விட்டது.

அவர் மனைவி தையல்காரி. மெஷினுக்கு எதிரே அவரை உட்காரவைத்து, பட்டன் தைக்கக் கொடுத்தாள்.

"சுவர் அடிச்ச கைக்கு ஊசி அடங்க மாட்டேங்குதுடி" என்று முனகியவர், போகப்போகக் கொக்கி, காஜா வரை கற்றுக்கொண்டார்.

அந்தக் கலப்படத்தைப் படமாக எடுக்க ஒரு டைரக்டர் வந்தார். மனைவியாக நடிக்கப்போகும் பெண், நடக்க முடியாதவரை எப்படித் தூக்குவது என்று பார்க்க இவர்கள் வீட்டுக்கு வந்துபோனாள்.

"இப்படியா அக்கா?"

"முதுகை வளைக்காதம்மா, நாளைக்கு நீ எழுந்திரிக்க மாட்டே. அவர் கையை உன் கழுத்துல போட்டுக்கோ. ம், தூக்கு."

"பாத்தும்மா, ஏற்கெனவே உடைஞ்ச சாமான்" என்பார் பெயிண்டர். மூவரும் சிரிப்பார்கள்.

முதல் காட்சிக்கு டைரக்டர் கார் அனுப்பினார். திரையில் அந்தப் பெண் அச்சு அசலாகத் தையல்காரியைப் போலவே புருஷனைத் தூக்கினாள். தையல்காரி பெயிண்டரைத் தட்டிக் காட்டினாள். ஆனால் இடைவேளைக்குப் பிறகு அந்தப் புருஷன் செத்துப்போனான். தியேட்டரே மூக்கைச் சிந்தியது.

"அடப்பாவிங்களா, என்னைக் கொன்னுட்டாங்களே!" என்று பெயிண்டர் கிசுகிசுத்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

வெளியே வந்ததும் டைரக்டரிடம் நேராகவே கேட்டாள்.

"ஏன் தம்பி சாகடிச்சீங்க?"

"செத்தாதாம்மா ஜனங்களுக்கு உறைக்கும்."

"இவர் சாகலையே தம்பி. தினமும் கண்ணு முழிச்சதும் காலை அசைச்சுப் பாக்கிறார். நான் தூங்குற மாதிரி படுத்திருப்பேன். அதைக் காட்டியிருக்கலாம்."

சக்கர நாற்காலியில் இருந்த பெயிண்டர் தலையைக் குனிந்துகொண்டார்.

காரில் வரும்போதுதான் கேட்டார். "முழிச்சா இருப்பே?"

"ஆமா."

"சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா, அசைச்சுப் பாக்கிறதையும் விட்டுடுவீங்களோன்னு பயம்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வீடு வரும்வரை அவள் கையை மட்டும் விடவில்லை.

மறுநாள் விடிந்ததும், "ஏய், இன்னைக்கும் ஒண்ணும் இல்லடி" என்று அவளைப் பார்த்துச் சத்தமாகவே சொன்னார்.

"சரி, எழுந்திரிங்க" என்று அவளும் எழுந்தாள். அதற்குப் பிறகு அவள் தூங்குவதுபோல் படுத்திருக்க வேண்டி வரவில்லை.

டைரக்டர் முடிவை மாற்றவில்லை. படம் நன்றாகவே ஓடியது. எண்ணெய் கலந்தவன் வேறு பெயரில் கடை போட்டுப் பிழைத்துக்கொண்டுதான் இருக்கிறான். படத்தைப் பார்த்துவிட்டு, பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் துக்கம் விசாரிக்க வந்தார். பெயிண்டரே அவரை உட்காரச் சொல்லி, டீ கொடுத்து அனுப்பினார்.