பூசை போட்ட டயர்கள்

பினாங்கைப் பற்றி எழுதுகிறவர்கள் மலை ரயிலையும் கடற்கரையையும் தெருவோரச் சாப்பாட்டையும் எழுதுவார்கள். நான் பார்த்துவிட்டு வந்தது நசுங்கிக் கிடந்த ஒரு வண்டியையும் அதன் டயர்களையும். விருப்பமிருந்தால் படியுங்கள்.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு, மார்ச் மாதம். கோலாலம்பூரிலிருந்து இரவு ரயிலில் புறப்பட்டுக் காலை ஏழு மணிக்குப் பட்டர்வொர்த்தில் இறங்கினேன். என் அக்காவின் முப்பத்தோராம் நாள் சடங்கு மறுநாள். ஃபெரிக்கு அறுபது காசு. தீவுக்குப் போகத்தான் வாங்குகிறார்கள், திரும்பி வர இலவசம். சுமார் இருபது நிமிடப் பயணம். கடல் அழுக்குச் சாம்பல் நிறத்தில் கிடந்தது. மேல்தளத்தில் ஒரு குடும்பம் படம் எடுத்துக்கொண்டிருந்தது. அவர்கள் சிரித்ததுகூட எனக்கு எரிச்சலாக இருந்தது.

துறைமுகத்தில் மாலதி நின்றிருந்தாள். அக்காவின் ஒரே மகள், வயது இருபத்துநாலு, பாயான் லெப்பாசில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை. ஒரே மாதத்தில் முகம் வற்றிப்போயிருந்தது. வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததுமே ஆரம்பித்துவிட்டாள்.

"சின்னம்மா, சடங்கு முடிஞ்ச வாரமே நான் சிங்கப்பூர் போறேன். வேலை கெடச்சிருச்சு. இனிமே அந்த வீட்டுல அவரோட என்னால இருக்க முடியாது."

"அவர்னா யாருடி? உன் அப்பாதானே?"

"வண்டி டயர் தேஞ்சு போயிருக்கும் சின்னம்மா. வண்டியோட வந்த கம்பெனி டயர் அசையாது, அசையாதுன்னு வருஷக் கணக்கா அப்பா அதையே கட்டிக்கிட்டு ஓட்டினாங்க. காசு விட மனசு வரல. அதான் அம்மா போயிட்டாங்க. இன்னைக்கு ஜுரு பட்டறைக்கு அந்த வண்டியப் பாக்கப் போறீங்கல்ல? நீங்களே பாத்துட்டு வந்து சொல்லுங்க. தேயலன்னு நீங்க சொன்னா நான் போகல."

நடந்ததை இங்கே சொல்லிவிடுகிறேன். அத்தான் குமாஸ்தா வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு, ஏழு பேர் உட்காரும் உயரமான, நாலு சக்கரமும் இழுக்கும் ஜீப் போன்ற வண்டி ஒன்றைப் புதிதாக வாங்கினார். மூன்று பேருக்கு எதற்கு இவ்வளவு பெரிய வண்டி என்று நானே கேலி செய்திருக்கிறேன். ஆறு வருடம் ஓடியது. போன மாதம் நிபோங் திபால் பக்கம் பைராம் தோட்டத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, சிம்பாங் அம்பாட்டுக்குச் சற்று முன்னால், நெடுஞ்சாலையில் பின் டயர் வெடித்து வண்டி புரண்டது. அத்தானுக்கு நெற்றியில் நாலு தையல். அக்கா அங்கேயே போய்விட்டாள்.

எனக்கும் அத்தானுக்கும் எப்போதுமே ஆகாது. மாலதி சொன்னதை நம்ப எனக்கு ஒரு நிமிடம்கூடத் தேவைப்படவில்லை. தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டுதான் நான் ரயிலே ஏறியிருந்தேன்.

பத்து மணிக்கு அத்தானோடு ஜுருவுக்குப் புறப்பட்டேன். பக்கத்து வீட்டுக்காரரின் பழைய காரைக் கேட்டு வாங்கியிருந்தார். பாலம் பதின்மூன்றரைக் கிலோமீட்டர். ஐம்பதுக்கு மேல் அவர் போகவில்லை. பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்து, திட்டிவிட்டு முந்திப் போனார்கள்.

ஜுருவில் சாலையோரம் முழுக்கத் தொழிற்சாலைகளும் கார்க் கடைகளும் பட்டறைகளும்தான். முனியாண்டி என்பவருடைய பட்டறைக்குப் பின்னால், தகரக் கொட்டகைக்கு வெளியே, வண்டி நின்றிருந்தது. கூரை இருக்கை வரை அமுங்கியிருந்தது. அத்தான் கதவிடுக்கில் கையை விட்டு அக்காவின் கைப்பையைத் தேடிக்கொண்டிருந்தார். கல்யாண வீட்டில் கொடுத்தனுப்பிய மாங்காய் ஊறுகாய்ப் போத்தல் உள்ளே உடைந்திருக்கிறது. ஒரு மாதமாகியும் அந்த வாடை போகவில்லை. அக்காவுக்கு ஊறுகாய் என்றால் உயிர்.

நான் நேராக டயரிடம் போனேன். வெடித்தது நார் நாராகக் கிடந்தது. மற்ற மூன்றும் அப்படியே இருந்தன.

"பாருங்கக்கா, பூ எல்லாம் நல்லாத்தான் இருக்கு. போத்தாக் ஆகவே இல்ல," என்றார் முனியாண்டி.

இங்கே டயரில் வெட்டியிருக்கும் வரிகளைப் பூ என்கிறார்கள். மலாய்ப் பேச்சிலிருந்து வந்த வழக்கு. பூ தேய்ந்து மொட்டையான டயர்தான் போத்தாக். குனிந்து விரலை விட்டுப் பார்த்தேன். விரல் நுனி உள்ளே போனது. சொல்லவே வெட்கமாக இருக்கிறது, எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

"அப்புறம் ஏன் வெடிச்சுது?"

அவர் டயரின் பக்கவாட்டைக் காட்டினார். பித்தவெடிப்பு வந்த குதிகால்போல ரப்பர் முழுக்கக் கீறல் கீறலாக இருந்தது.

"வயசாயிருச்சுக்கா. கம்பெனில போட்டு வந்த டயர், ஓட்டுறதப் பொறுத்து அம்பது அறுபதாயிரம் கிலோமீட்டர் ஓடும். இவங்க காடி கோயிலுக்கும் பசாருக்கும்தான் போகும், முப்பதுகூட ஓடியிருக்காது. ஆனா நம்ம ஊரு வெயில் சும்மா விடுமா? நின்னாலும் ரப்பர் காயும் லா. போன வருஷம் தைப்பூசம் முடிஞ்ச கையோட அண்ணன் மாத்தணும்னு கொண்டு வந்தாரு. நாலு புது டயரும் எடுத்து வெளிய வச்சிட்டேன். உங்க அக்காதான்..."

சட்டென்று நிறுத்திக்கொண்டு அத்தானைப் பார்த்தார். அத்தான் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"அக்காதான் என்ன? சொல்லுங்க அண்ணே."

"ஒரு நட்டுகூடக் கழட்ட விடல. பிள்ளையார் கோயில்ல எலுமிச்சம்பழம் மிதிச்சது இந்த டயருதான், இதக் கழட்டிப் போட்டா பூசை எங்க இருக்கும்னு கேட்டாங்க. நானும் சிரிச்சிட்டு ஜாக்க எறக்கி வண்டிய அனுப்பிட்டேன்."

புது வண்டி வாங்கினால் நாம் எல்லோரும் செய்வதுதான். சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்து, தேங்காய் உடைத்து, வண்டியை மெல்ல நகர்த்துவோம். அந்தப் பூசை வண்டிக்கு என்றுதான் மற்றவர்கள் நினைத்திருப்போம். பழத்தை மிதித்தது டயர்தானே, ஆகவே பூசை டயரில்தான் இருக்கிறது என்று யோசிக்க என் அக்காவால்தான் முடியும். அவள் ஒன்றைப் பிடித்தால் பிடித்ததுதான். சின்ன வயதிலிருந்து அவளிடம் ஒரு சண்டையில்கூட நான் ஜெயித்ததில்லை.

கைப்பை கிடைத்தது. திரும்பும்போது காரில் கேட்டேன். "ஏன் அத்தான், இதை மாலதிகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? அந்தப் பொண்ணு உங்களக் கொலைகாரன் மாதிரி பாக்குறா."

"சொல்லி?"

"சொன்னா அவ போகமாட்டா."

அவர் முந்த வந்த லாரிக்கு வழி விட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார். "என் மேல கோவம்னா நான் இருக்கேன், வந்து திட்டலாம். அவ அம்மா மேல கோவம் வந்தா யார்கிட்டப் போய்ச் சண்டை போடுவா? செத்தவளத் திட்டிட்டு அப்புறம் காலம் பூரா அழுவா. வேணாம். நீ வாயத் திறக்காதே. என் மேல சத்தியம்."

டோல் சாவடியில் ஏழு வெள்ளியைக் கட்டிக்கொண்டிருந்தார். நான் மறுபக்கம் திரும்பி அழுதேன். இருபத்தாறு வருடமாக இந்த மனுஷனைக் கஞ்சன், கல் நெஞ்சக்காரன் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மறுநாள் சடங்கு நடந்தது. ஐயர் வந்தார், மந்திரம் சொன்னார், எல்லோரும் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். அப்பாவும் மகளும் ஒரே வீட்டில் ஒருவரையொருவர் சுற்றிக்கொண்டு நடந்தார்கள். மாலதியின் அறையில் பெட்டி தயாராக இருந்தது.

மூன்றாம் நாள் மாலை எனக்கு ரயில். துறைமுகம் வரை அத்தான் கொண்டுவந்து விட்டுவிட்டு, காரருகிலேயே நின்றுகொண்டார். மாலதி என் பையைத் தூக்கிக்கொண்டு ஃபெரி ஏறும் வழி வரை வந்தாள்.

"சின்னம்மா, பாத்துட்டு வந்து ரெண்டு நாளாச்சு. நீங்க ஒண்ணுமே சொல்லல. தேஞ்சிருந்துச்சுதானே?"

"இல்லடி. பூ நிறைய இருந்துச்சு. ஆனா வயசான டயரு. உங்கப்பா அத மாத்தத்தான் பாத்தாரு. போன வருஷமே ஜுருவுக்குக் கொண்டு போயிருக்காரு."

"கொண்டு போனாங்களா? அப்புறம் ஏன் மாத்தல? யாரு வேணாம்னு சொன்னது?"

இந்தக் கேள்வி வரும் என்று யோசிக்காமல் வாயை விட்டுவிட்டேன், மடச்சி. அவள் முகம் மாறிக்கொண்டே வந்தது. அந்த வீட்டில் இருந்ததே மூன்று பேர். அப்பா இல்லை, தான் இல்லை என்றால் மிச்சம் யார் என்று கணக்குப் போட அவளுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? "அப்படின்னா அம்..." என்று உதடு பிரிந்துவிட்டது.

"நான்தான்," என்றேன். "போன வருஷம் தைப்பூசத்துக்கு வந்திருந்தேனே, அப்போ. பூசை போட்ட டயரக் கழட்டினா வீட்டுக்கு ஆகாதுன்னு ஒரே பிடிவாதம் பிடிச்சேன். உங்கப்பா எவ்வளவோ சொன்னாரு. நான் விடல."

"நீங்களா?"

"நான்தான்டி."

பையைத் தரையில் வைத்தாள். என்னை ஒருமுறை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். திரும்பிப் போய்விட்டாள். நான்தான் பையை எடுத்துக்கொண்டு ஏறினேன்.

மேல்தளத்திலிருந்து பார்த்தேன். மாலதி அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்லி அழுதாள். அத்தான் திடுக்கிட்டு ஃபெரிப் பக்கம் நிமிர்ந்தார். வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். அவ்வளவு தூரத்திலிருந்து தெரிந்ததோ என்னவோ, அவர் ஒன்றும் சொல்லாமல் மகளின் தலையில் கையை வைத்தார். ஃபெரி நகர்ந்தது. முன்பெல்லாம் பினாங்கைவிட்டு வரும்போது அடுத்து எப்போது வரலாம் என்று விடுமுறையை எண்ணிக்கொண்டு வருவேன்.

இதை மாலதி படிக்கப் போவதில்லை. மலாய்ப் பள்ளியில் படித்தவள், தமிழ் பேசுவாள், எழுத்து தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் எழுதிவிட்டேன். அவள் சிங்கப்பூர் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போன் போட்டால் அவள்தான் எடுக்கிறாள். என் குரலைக் கேட்டதும், "அப்பா, உங்களுக்குத்தான்," என்று சொல்லி அவரிடம் கொடுத்துவிடுகிறாள்.