சாக்குத் தையல் போட்ட புத்தகம்

1. கரண்ட் இல்லாத பகுதி

1992இல், போர் நடந்துகொண்டிருந்த குடாநாட்டின் அரசினர் வைத்தியசாலை ஒன்றில் பிசியோ பகுதியை நான் பொறுப்பேற்றபோது, அங்கே இயங்கும் மின்கருவி ஒன்றுகூட இருக்கவில்லை. கருவிகளில் பழுது எதுவும் இல்லை. கரண்ட்தான் இல்லை. சூட்டு மெழுகில் கையைத் தோய்த்து எடுக்கும் வக்ஸ் பாத்தைக் கழுவித் துடைத்து, மூலையில் கவிழ்த்து வைத்திருந்தார்கள். நோவுக்கு விழுங்கும் குளிசை வார்ட்டுகளுக்கே போதாது. எங்களிடம் மிஞ்சியவை இரண்டு கட்டில்கள், ஒரு மேசை, சில கதிரைகள், என்னுடைய கைகள்.

வெளி விறாந்தையில் காத்திருப்பவர்களுக்கு ஒரு நீண்ட வாங்கு போட்டிருந்தது. அதில் இருப்பவர்கள் வானத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். விமானம் இரைந்த நாள்களில் அவர்களின் தோள்கள் காது வரை ஏறியிருக்கும். அந்தத் தோளை இறக்குவதிலேயே எனது நேரத்தில் பாதி போய்விடும். ஒரு திங்கட்கிழமை வீட்டிலிருந்து சில கதைப் புத்தகங்களைக் கொண்டுவந்து வாங்கில் வைத்தேன். சில நாள்களிலேயே வேறுபாடு தெரிந்தது. வாசித்துக்கொண்டிருந்தவரின் கழுத்தைத் தொட்டால் இளகியிருக்கும். சும்மா இருந்தவரின் கழுத்து கட்டை போல இருக்கும். இதை எந்தப் பாடநூலும் எனக்குச் சொல்லித் தரவில்லை. என் விரல்கள் கண்டுபிடித்தன.

எங்கள் சத்திரசிகிச்சை நிபுணர் ஒருநாள் அந்த வழியால் போனவர் நின்று பார்த்தார்.

"என்ன மிஸ், வெளியிலை பிசியோ எண்டு போர்ட் போட்டிருக்கு. உள்ளுக்கை வந்தால் வாசிகசாலை மாதிரிக் கிடக்குது?"

"ஓம் டொக்டர். சந்தா இல்லை. நீங்களும் வந்து இருக்கலாம்."

சிரித்துக்கொண்டு போய்விட்டார். அவர் நம்பவில்லை என்பது அந்தச் சிரிப்பிலேயே தெரிந்தது.

2. செல்வராசா அண்ணையின் வலது கை

செல்வராசா அண்ணை அரியாலையில் தையற்கடை வைத்திருந்தவர். மண்ணெண்ணெய்ப் போத்தல் விளக்கு வெடித்து வலது உள்ளங்கையும் விரல்களும் எரிந்துவிட்டன. என்னிடம் வந்தபோது புண் ஆறியிருந்தது. ஆனால் புதுத் தோல் சுருங்கி விரல்களை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. இதைத்தான் நாங்கள் கொன்ட்ராக்சர் என்கிறோம். ஒவ்வொரு நாளும் இழுத்து நிமிர்த்தாவிட்டால் கை அப்படியே மூடி நின்றுவிடும். கத்திரிக்கோலின் வளையத்துக்குள் விரலை விட முடியாத தையற்காரர் வேறு என்ன தொழிலுக்குப் போவது?

டொக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார். "ஒரு மாசம் தாறன். நிமிராட்டில் வெட்டித்தான் விடோணும். மயக்க மருந்து இல்லாமல் கிடக்கிற கிடையிலை எனக்கும் அது விருப்பமில்லை."

கையை நிமிர்த்தும்போது வரும் நோ பெரிய நோ அல்ல. தோல் இழுபடும் ஒரு எரிச்சல்தான். ஆனால் அண்ணைக்கு அதைப் பற்றிய பயம் பெரிதாக இருந்தது. என் விரல் படுமுன்பே கையை இழுத்துக்கொள்வார்.

"நான் இன்னும் தொடவே இல்லை, அண்ணை."

"நீங்கள் தொடப் போறியள் எண்டு கைக்குத் தெரியும், மிஸ்."

அவரைக் கூட்டி வருபவர் மனைவி பவளம். பவளம் சைக்கிள் உழக்க, இவர் கரியரில் இருந்து வருவார். அதுவும் அவருக்குப் பெரிய மானப் பிரச்சினை. "சந்தியிலை நிக்கிற பெடியள் சிரிக்கிறாங்கள்" என்று ஒவ்வொரு நாளும் சொல்லுவார். "சிரிக்கட்டுமே. உழக்கிற எனக்கெல்லோ மூச்சு வாங்குது" என்பார் பவளம்.

3. மூடிக்கொள்ளும் புத்தகம்

வாங்கில் இருந்த ஒரு மெல்லிய புத்தகத்தை மேசையில் வைத்து, வலது கையால் தாள் புரட்டச் சொல்லிப் பார்த்தேன். பயனில்லை. மெல்லிய புத்தகம் தானே விரிந்து கிடக்கும். கைக்கு வேலையில்லை. பிறகுதான் என் அக்கா கட்டிய புத்தகம் ஞாபகத்துக்கு வந்தது.

அக்கா படிக்கும் காலத்தில் வார இதழில் வந்த ஒரு தொடர்கதையைக் கிழமைக்குக் கிழமை கிழித்தெடுத்து, இரண்டு பாகமாகக் கட்டி வைத்திருந்தார். அப்போது பல வீடுகளில் அந்தப் பழக்கம் இருந்தது. அக்கா சாக்கு ஊசியால், சணல் நூல் கோத்து, எழுத்துக்கு மிகக் கிட்டவாக இறுக்கித் தைத்திருந்தார். அந்தப் புத்தகத்தைத் திறந்துவிட்டுக் கையை எடுத்தால் டப்பென்று மூடிக்கொள்ளும். உள்ளங்கையை விரித்து அழுத்திப் பிடித்தால்தான் ஒரு வரியாவது வாசிக்கலாம். எனக்கு வேண்டியது அதுதான்.

முதலாம் பாகத்தைக் கொண்டுபோய் அண்ணையின் முன் வைத்தேன். அவர் கதையைப் பார்க்கவில்லை. தையலைப் பார்த்தார்.

"உதை ஆர் தைச்சது?"

"என்ரை அக்கா."

"அக்கா எண்டபடியால் ஒண்டும் சொல்லேல்லை. நெல்லு மூட்டைக்கு இந்தத் தையல் நல்லாயிருக்கும்."

சட்டம் போட்டேன். இடது கை தொடைக்குக் கீழே இருக்க வேண்டும். தாளைப் பெருவிரலாலும் மற்ற விரல்களில் ஒன்றாலும் பிடித்துப் புரட்ட வேண்டும். ஒவ்வொரு தாளுக்கும் விரல் மாறும். புரட்டிய பிறகு உள்ளங்கையால் அழுத்திப் பிடித்து வாசிக்க வேண்டும்.

"கதைப் புத்தகமோ? உது பொம்பிளையள் வாசிக்கிறது."

"வாசிக்க வேண்டாம், அண்ணை. அழுத்தினால் காணும்."

முதல்நாள் புத்தகம் திரும்பத் திரும்ப மூடிக்கொண்டது. ஒவ்வொரு முறையும் "ஐயோ" என்றார். இரண்டாம் நாள் "ஐயோ" குறைந்தது. அந்தக் கிழமை முடிவதற்குள் அறையில் சத்தமே இல்லை. கதையில் மாலினி என்றொரு பெண். கணவன் கடலில் காணாமல் போன பிறகு அவனுடைய வீட்டார் அவளை வழக்கில் மாட்டிவிடுகிறார்கள். அண்ணை குனிந்த தலை நிமிரவில்லை. தோல் வெளிறும் அளவுக்குக் கை தாளை அழுத்திக்கொண்டிருந்தது.

"நோகுதோ, அண்ணை?"

"பொறுங்கோ மிஸ், இந்தப் பந்தியை முடிச்சிட்டுச் சொல்லுறன்."

பந்தியை முடித்தார். நோவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "உந்த மாமிக்காரியை நம்பக் கூடாது" என்றார்.

"வீட்டிலையும் இதே கதைதான்" என்றார் பவளம். "மாலினி என்ன செய்வாளோ எண்டு யோசிச்சுக்கொண்டு சோத்தை அளையிறார்."

"சும்மா இரு. நான் கைக்காகத்தான் பிரட்டுறன்."

ஒருநாள் வாசித்துக்கொண்டிருக்கும்போது விமானம் தாழ வந்து வட்டமிட்டது. எல்லோரும் முற்றத்தில் பதுங்க வெட்டியிருந்த பங்கருக்குள் இறங்கினோம். அண்ணை புத்தகத்தையும் கொண்டு வந்துவிட்டார். வாசல் வெளிச்சத்தில் முழங்காலில் வைத்து அழுத்திக்கொண்டு வாசித்தார். பக்கத்தில் இருந்த ஒரு அம்மா நடுங்கிக்கொண்டு, "தம்பி, உதைச் சத்தமா வாசி அப்பு. எனக்கு உந்த இரைச்சல் கேக்கக் கூடாது" என்றார். அண்ணை உரத்து வாசித்தார். இரைச்சல் நின்ற பிறகும் ஒருவரும் எழும்பவில்லை. வழக்கில் என்ன தீர்ப்பு என்று தெரிய வேண்டியிருந்தது.

4. கதவில் நின்றது யார்

மாதம் முடிய ஒரு கிழமை இருந்தபோது முதலாம் பாகம் முடிந்தது. கடைசிப் பக்கத்தில் யாரோ கதவைத் தட்டுகிறார்கள். மாலினி கதவைத் திறக்கிறாள். அவ்வளவுதான். அண்ணை தாளைப் புரட்டினார். பின் அட்டை வந்தது.

"மிச்சம் எங்கை?"

"இரண்டாம் பாகம் மருதனார்மடத்திலை, அண்ணை. அக்காவின்ரை சிநேகிதி இரவல் வேண்டிக்கொண்டு போய்க் கனகாலம். சந்தைக்குக் கிட்டத்தான் வீடு."

"அது கிடக்கட்டும். கதவிலை நிண்டது ஆர்? புருஷனோ?"

எனக்குத் தெரியும். சிறுவயதில் பலமுறை வாசித்த கதை. சொல்லவில்லை.

"மிஸ், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"சொன்னால் நீங்கள் இரண்டாம் பாகத்தைப் பிரட்ட மாட்டியள்."

பவளத்தின் பக்கம் திரும்பினார். "நாளைக்கு மருதனார்மடத்துக்குப் போவம்."

"என்னாலை அவ்வளவு தூரம் உங்களை ஏத்தி உழக்க ஏலாது. வேணுமெண்டால் நீங்கள் உழக்குங்கோ."

"இந்தக் கையாலை பிரேக் பிடிக்கிறதோ?"

"அப்ப மாலினி கதவடியிலையே நிக்கட்டும்."

அடுத்த நாள் அவர் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. நான் கலங்கிப்போனேன். தோல் சுருங்குவதற்கு இரண்டு நாள் போதும். இத்தனை நாள் நிமிர்த்திய கையை ஒரு சின்னப் பிடிவாதத்தால் கெடுத்துவிட்டேனோ என்று நினைத்தேன். ஆள் அனுப்பி முடிவைச் சொல்லிவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

மூன்றாம் நாள் காலை, டொக்டரும் நானும் விறாந்தையில் கதைத்துக்கொண்டு நின்றோம். வாசலால் ஒரு சைக்கிள் வந்தது. முன்னால் இருந்து உழக்கியவர் செல்வராசா அண்ணை. பின்னால் கரியரில் பவளம். பவளத்தின் மடியில் இரண்டாம் பாகம். அதுவும் அக்காவின் தையல்தான். பவளம் அதை இரண்டு கையாலும் அமத்திப் பிடித்து வாசித்துக்கொண்டு வந்தார். அண்ணை வலது கையால் பிரேக்கை அமத்த, சைக்கிள் வாங்கோடு முட்டுவது போல் வந்து நின்றது.

"மிஸ், கதவிலை நிண்டது ஆர் எண்டு எனக்குத் தெரிஞ்சுபோச்சு!" என்றார் பவளம்.

"வாயைத் திறந்தியோ, பேந்து வீட்டுக்கு நடந்துதான் வருவாய்!"

பவளம் சேலையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு விபரம் சொன்னார். முதல்நாள் முழுக்க வீட்டு ஒழுங்கையில் சைக்கிள் ஓடிப் பழகினாராம். அடுத்த நாள் மருதனார்மடம். திரும்பி வர இருட்டிவிட்டதாம்; விளக்கடியில் இருந்து வாசிக்க அண்ணைக்குப் பயமாம். "சந்தையடிச் சனத்துக்குள்ளை மூண்டு தரம் பிரேக் பிடிச்சவர், மிஸ். மூண்டு தரமும் என்னைப் பேசினவர். கை நோகுது எண்டு ஒருக்காலும் சொல்லேல்லை."

டொக்டர் என்னைப் பார்த்தார். "உவர் பிரேக் பிடிச்சதோ?"

"ஓம் டொக்டர்."

டொக்டர் உள்ளே போய், அண்ணையின் கையை வாங்கி மேசையில் விரித்து வைத்தார். சின்ன விரல் மட்டும் கொஞ்சம் வளைந்து நின்றது. மற்றவை நிமிர்ந்து கிடந்தன. கைக்குக் கீழே ஒரு கடதாசியை விட்டு இழுத்துப் பார்த்தார். அமத்திய கைக்குள்ளிருந்து அது வரவில்லை.

"வெட்டத் தேவையில்லை" என்றார். போகப் புறப்பட்டவர் திரும்பி, "மிஸ், அந்த முதலாம் பாகம் சும்மாதானே கிடக்குது? வார்ட்டிலை இன்னுமொரு கை இருக்கு. நாளைக்கு அனுப்பிவிடுறன்" என்றார்.

என்னுடைய சேவைக் காலத்தில் நற்சான்றுகள் சில கிடைத்தன. எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டு வைத்திருக்கிறேன். அந்தக் காலை டொக்டர் புத்தகம் கேட்டதற்கு அவை ஒன்றும் ஈடில்லை.

5. நல்ல தையல்

இரண்டு மாதம் கழித்து அண்ணை இரண்டு பாகங்களையும் கொண்டுவந்து மேசையில் வைத்தார். டொக்டர் அனுப்பிய வார்ட்டுக் கைக்காரர் முடித்ததும், அண்ணை முதலாம் பாகத்தையும் இன்னொரு தரம் வாசிக்கவென்று வாங்கிப் போயிருந்தார்.

"அந்தச் சாக்குத் தையலைப் பாக்கப் பாக்க எனக்கு விசர் வந்தது, மிஸ். பிரிச்சுத் தைச்சுப்போட்டன்."

எடுத்துப் பார்த்தேன். தாள்கள் ஒரே அளவில் வெட்டப்பட்டிருந்தன. நூல் ஒரே இடைவெளியில் ஓடியிருந்தது. முதுகுக்குக் காற்சட்டைத் துணி ஒட்டியிருந்தது. கத்திரிக்கோலும் ஊசியும் அந்தக் கைக்குள் திரும்பி வந்துவிட்டன என்பதற்கு வேறு அத்தாட்சி தேவையில்லை. நடுப்பக்கத்தைத் திறந்து மேசையில் வைத்துவிட்டுக் கையை எடுத்தேன். புத்தகம் மூடவில்லை. அழகாக விரிந்து கிடந்தது.

அந்த நிமிடமே அது என் வேலைக்கு உதவாமல் போய்விட்டது. அவருக்குச் சொல்லவில்லை. இரண்டு பாகங்களையும் வாங்கில், காத்திருப்பவர்களுக்காக வைத்தேன். அடுத்த நாளே அக்காவிடம் போய், வேறு தொடர்கதை ஏதும் இருக்கிறதா என்று கேட்டேன். சாக்கு ஊசி இன்னும் வைத்திருக்கிறாரா என்றும் கேட்டேன்.

இப்போது பிசியோ பகுதிகளில் எல்லாக் கருவிகளும் இருக்கின்றன. இருந்தாலும் இத்துறைக்குப் புதிதாக வருபவர்களுக்கு ஒன்று சொல்லுவேன். நோவுக்குப் பயப்படும் ஒருவருக்குப் புத்தகம் கொடுப்பதானால், தடித்த புத்தகமாக, கையை எடுத்தால் மூடிக்கொள்வதாகப் பார்த்துக் கொடுங்கள். இரண்டாம் பாகம் தூரத்தில் இருந்தால் இன்னும் நல்லது. கொடுக்கும் முன் நீங்கள் அதை முழுக்க வாசித்திருக்க வேண்டும். கதவில் நின்றது யார் என்று அவர் கெஞ்சிக் கேட்பார். சொல்லிவிடாதீர்கள்.