சிப்போவுக்கு விமலராணி சொல்லிக்கொடுத்தது

விமலராணி நல்லவள். அதை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் மற்றது நல்லதல்ல.

டென்மார்க்கில் ஹேர்னிங் முதியோர் இல்லத்தில் இடுப்பு நாரி விட்டுப்போகும்வரை டெனிஷ் கிழடுகளைக் கழுவித் துடைத்தவள். பென்சன் எடுத்த பிறகு, மாதா கோயில்காரரின் பழைய உடுப்புக் கடையில் என்னோடு நின்றாள். அந்தக் கடைக் காசு சாம்பியாவில் ஒரு எச்.ஐ.வி. கிளினிக்குக்குப் போகும். வருசத்துக்கு ஒருமுறை எங்களையும் கூட்டிக்கொண்டு போவார்கள். எழுத்து வாசிப்பில்லாத நான் அங்கே போய் என்னத்தைக் கிழிக்கிறது? தூக்கி வைத்திருக்கக் குழந்தைகள் இருந்தன.

சிப்போவை அங்கேதான் கண்டோம். குமர்ப்பிள்ளை. சிரித்தால் பல்லு முரசு தெரியும். மருந்துக் குளிசையை ஒழுங்காகப் போட்டு நன்றாகத் தேறியிருந்தாள். கலியாணமும் சரிவந்தது. சுரங்கத்தில் வேலை செய்யும் மாப்பிள்ளைக்கு அவளுடைய எச்.ஐ.வி. வருத்தம் தெரியும். அவனுடைய தாய், மாமிக்குத் தெரியாது. மாமிக்கு முன்னால் தினமும் எப்படிக் குளிசை விழுங்குவது என்று அழுதாள். கிளினிக்கின் டெனிஷ் தாதி கிர்ஸ்டன், தானும் வருவதாகவும் மாமியிடம் மெல்லச் சொல்லிவிடலாம் என்றும் சொன்னாள்.

விமலராணிக்கு அது பிடிக்கவில்லை. எங்கள் ஆட்கள் வீட்டு வருத்தத்தை வெளியே விடுவார்களா? அவளுடைய மனுசன் பீற்றருக்குக் கான்சர். பெட்டியில் வைக்கும்வரை ஊருக்கு அல்சர் என்றுதானே சொன்னாள். சிப்போவின் குளிசைப் போத்தலில் ஒட்டியிருந்த தாளை நகத்தால் சுரண்டினாள். தன் அரைகுறை இங்கிலிஷில், பிறசர் குளிசை என்று மாமிக்குச் சொல்லச் சொன்னாள்.

"என்னடி விசர் வேலை பாக்கிறாய்?" என்றேன்.

"அக்கா, அந்தப் பிள்ளை குடும்பம் நடத்த வேணும். உங்களுக்கு வாய் இருக்கு, வெட்டிக் கதைச்சு வாழ்ந்திட்டியள். எல்லாருக்கும் ஏலுமே?"

சிப்போ அவளைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சினாள்.

அடுத்த வருசம் போனபோது சிப்போ இல்லை. மருந்து போதாமல் வருத்தம் திரும்பி, நெஞ்சில் சயரோகமும் பிடித்துச் செத்துப்போனாள் என்றாள் கிர்ஸ்டன். எல்லாக் குளிசையும் போட்டேன் என்றுதான் கடைசிவரை சொன்னாளாம்.

செத்த வீட்டுக்கு வெறுங்கையோடு போகக்கூடாது என்று சீனி வாங்கிக்கொண்டு போனோம். மாமி முற்றத்தில் பாய் போட்டு இருத்தினாள். அவள் சொல்லச் சொல்லக் கிர்ஸ்டன் டெனிஷில் மாற்றிச் சொன்னாள்.

"எனக்கும் பிறசர்தான். மருமகள் தன் குளிசையில் பாதியை எனக்குத் தருவாள். கேட்டால் ஒருநாளும் இல்லை என்று சொன்னதில்லை."



எங்கள் வீடுகளில் மட்டும் என்ன? ஒருத்தியின் பிறசர் குளிசையை மற்றவள் பனடோல் மாதிரி வாங்கிப் போடுவதுதானே. அந்தப் பிள்ளை எதைச் சொல்லி மறுப்பாள்?

மாமியிடம் உண்மையைச் சொல்லும்படி விமலராணி கிர்ஸ்டனின் கையைப் பிடித்து உலுக்கினாள். செத்தவள் மறைத்ததை நாங்கள் சொல்ல முடியாது என்று கிர்ஸ்டன் மறுத்துவிட்டாள். விமலராணி குழறி அழுதாள். மாமி தன் உடுப்பின் தலைப்பால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டாள். இந்த மனுசி தன் மருமகளுக்கு என்ன முறை என்று கேட்டாளாம்.

திரும்பி வரும்போது வான் வண்டியில் விமலராணி என் தோளில் சாய்ந்திருந்தாள்.

"அக்கா, நான் அப்பிடிச் சொல்லிக் குடுக்காட்டி அந்தப் பிள்ளை உயிரோட இருந்திருக்கும், என்ன?"

ஆறுதலுக்குப் பொய் சொல்ல எனக்கு வராது.

"ஓம்" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். என்னோடு கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் நல்லது.